சிபிஎஃப்பும் கேர்ஷீல்டும் மறுத்த பிறகு: மேல்முறையீட்டுச் சேவைகள் எப்படி இருக்கின்றன?

சிங்கப்பூரில் உடம்பு முடியாமல் வேலையை விடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஓய்வூதியம் என்று தனியாக ஒன்று கிடையாது. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் அரசாங்க ஊழியர்களின் கதை வேறு. மற்றவர்களுக்கு இரண்டு வழிகள்தான். ஒன்று, மருத்துவக் காரணத்துக்காக மத்திய சேமநிதி (சிபிஎஃப்) எனப்படும் கட்டாயச் சேமிப்பை முன்கூட்டியே எடுப்பது. மற்றது, கேர்ஷீல்டு லைஃப் அல்லது அதற்கு முந்தைய எல்டர்ஷீல்டு என்ற கடும் உடற்குறைக் காப்புறுதியில் மாத வழங்குதொகை பெறுவது. இந்த இரண்டிலும் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகு மறுபடி கேட்கும் சேவை நாள்பட்ட நோயாளிக்கு எந்த அளவு பயன்படுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். விண்ணப்பிக்கும் கட்டம் நன்றாக இருக்கிறது: சிங்பாஸ் எனப்படும் அரசாங்க இணைய அடையாளக் கணக்கு இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம், தொலைபேசியில் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். 5-க்கு 4 தரலாம். மறுக்கப்பட்ட பிறகு வரும் கட்டம் அப்படியில்லை. எதை நிரூபித்திருக்க வேண்டும், எது குறைந்தது என்று நோயாளியே ஊகித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு 2. ஏறி இறங்கும் நோய் உள்ளவர்களுக்கு, அதாவது ஒரு நாள் எழுந்து நடந்து மறுநாள் படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு, இந்தக் கட்டம்தான் மிகவும் கடினம்.

மேல்முறையீடுகள் தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அதிகாரிகள் ஒன்றைக் கேட்கிறார்கள், நோயாளி வேறொன்றுக்குப் பதில் சொல்கிறார். ‘எனக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, இப்போது சிறுநீரகமும் போய்விட்டது’ என்று நோய்ப் பட்டியலை நீட்டிக்கொண்டே போவது பதிலாகாது. பட்டியல் எவ்வளவு நீண்டாலும் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

சேமநிதி கேட்கும் கேள்வி

மருத்துவக் காரணத்துக்காகச் சேமநிதியை எடுக்க நான்கு வாசல்கள் உண்டு. இனி எந்த வேலையையும் ஒருபோதும் செய்ய முடியாத அளவுக்கு உடலோ மனமோ பாதிக்கப்பட்டிருப்பது. ஆயுட்காலம் பெரிதும் குறைந்திருப்பது. முடிவெடுக்கும் மனத்திறனை நிரந்தரமாக இழந்திருப்பது. குணப்படுத்த முடியாத நோயின் இறுதிக் கட்டத்தில் இருப்பது. எவ்வளவு எடுக்கலாம் என்பது எந்த வாசலில் ஒப்புதல் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் விண்ணப்பத்தில் டிக் செய்யும் கட்டத்தை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

நாள்பட்ட நோயாளிகளில் பலர் முதல் வாசலில் போய் நிற்கிறார்கள். அங்கே ‘எந்த வேலையையும்’ என்ற சொல்லைக் கவனிக்கத் தவறுகிறார்கள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய ஒருவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் ‘கடின வேலைக்குத் தகுதியற்றவர்’ என்று எழுதித் தருகிறார். அந்தச் சான்று உண்மைதான், ஆனால் இந்தத் திட்டத்துக்குப் போதாது. உட்கார்ந்தபடி செய்யும் வேலைக்கு அவர் போகலாம் என்று அதிலிருந்து பொருள் கொள்ள இடமிருக்கிறது. நிராகரிப்பு வருகிறது. அதே மருத்துவரிடம் அதே வாக்கியத்தைப் புதிய தேதியோடு வாங்கி அனுப்பினால் முடிவும் அதேதான்.

மேல்முறையீட்டுக்கு வாங்கும் நிபுணர் அறிக்கை வேறு மாதிரி இருக்க வேண்டும். தொடர்ந்து எவ்வளவு நேரம் உட்கார முடியும், எவ்வளவு நேரம் நிற்க முடியும், இரண்டு கைகளும் நுண்ணிய வேலை செய்யுமா, கவனம் எவ்வளவு நேரம் நிலைக்கும், கடந்த 12 மாதங்களில் எத்தனை முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், சிகிச்சைக்காக வாரத்தில் எத்தனை நாள் போகிறது என்பதெல்லாம் அதில் எண்களாக வர வேண்டும். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய், அந்த நாள்களின் மீதி நேரம் முழுக்கப் படுத்தே கிடக்கும் ஒருவர் எந்த முதலாளியிடம் எந்த வேலையைத் தொடர முடியும் என்ற கேள்விக்கு அறிக்கையே பதில் சொல்ல வேண்டும்.

‘நிரந்தரம்’ என்பது இன்னொரு இடறல். இன்னும் செய்து பார்க்காத அறுவை சிகிச்சையோ புதிதாகத் தொடங்கிய மருந்தோ இருந்தால், நிலைமை மாறலாம் என்ற சந்தேகம் நியாயமாகவே எழும். எந்தெந்தச் சிகிச்சை எப்போது செய்யப்பட்டது, என்ன பலன் தந்தது, மீதி உள்ளது ஏன் இவருக்குப் பொருந்தாது என்று நிபுணர் இரண்டு மூன்று வரி எழுதினால் போதும். அந்த வரிகள் இல்லாத அறிக்கை எத்தனை பக்கம் இருந்தாலும் பலவீனமானதுதான். பக்கவாதம் வந்து சில வாரங்களிலேயே அவசரமாக விண்ணப்பிப்பவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். மறுவாழ்வுப் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது ‘இனி ஒருபோதும்’ என்று எழுத எந்த மருத்துவரும் தயங்குவார்.

இந்த நேரத்தில் பலர் மறந்துபோகும் இரண்டு பாதுகாப்புகளையும் சொல்ல வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடனைச் சேமநிதியிலிருந்து கட்டியவர் பெரும்பாலும் வீட்டுப் பாதுகாப்புத் திட்டத்தில் இருப்பார். முழுமையான நிரந்தர உடற்குறை உறுதியானால், காப்புறுதி செய்யப்பட்ட அளவுக்குக் கடனை அந்தத் திட்டமே அடைத்துவிடும். சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டத்தில் இருந்தால் 60 வயது வரை 70,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதற்குப் பிறகு 65 வயது வரை 55,000 வெள்ளி கிடைக்கும். முன்னதற்குச் சேமநிதிக் கழகத்திடம் கேட்க வேண்டும், பின்னதற்கு கிரேட் ஈஸ்டர்ன் நிறுவனத்திடம். இவை கேட்கும் கேள்வியும் வேலை செய்ய முடியுமா என்பதை ஒட்டியதே. அதனால் ஒரே நல்ல நிபுணர் அறிக்கை மூன்று இடங்களுக்கும் உதவும். மருத்துவமனையில் அறிக்கைக்குக் கட்டணம் கட்டும்போதே மூன்றையும் மனத்தில் வைத்துக் கேளுங்கள். வீட்டுக் கடன் மாதத் தவணை நின்றாலே பாதி நெருக்கடி தீர்ந்துவிடும் குடும்பங்கள் நிறைய உண்டு.

நோய் வேலையிடத்தால் வந்தது என்றால் அதற்கு வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது, அதன் விதிகள் தனி. அங்கே மதிப்பீட்டு அறிவிப்பு வந்த தேதியிலிருந்து 14 நாள்களுக்குள் ஆட்சேபிக்க வேண்டும். அதைத் தவறவிட்டுவிட்டுச் சேமநிதியில் வந்து முறையிட்டால் ஈடாகாது.

கேர்ஷீல்டு கேட்கும் கேள்வி

இங்கே வேலையைப் பற்றிப் பேச்சே இல்லை. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, வீட்டுக்குள் நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இந்த ஆறு அன்றாட நடவடிக்கைகளில் மூன்றையாவது இன்னொருவரின் கை உதவி இல்லாமல் எப்போதும் செய்ய முடியாது என்றால்தான் கடும் உடற்குறை. வேலைக்கு அறவே போக முடியாத ஒருவர் தானே குளித்து, உடுத்தி, சாப்பிட்டால் இந்தத் திட்டத்தில் தகுதி பெற மாட்டார். வேலை செய்ய முடியாது என்ற மருத்துவச் சான்றை இங்கே கொண்டுவந்து வைப்பதுதான் மிகவும் சாதாரணமாக நடக்கும் தவறு.

எந்தத் திட்டத்தில் இருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். கேர்ஷீல்டு லைஃப் 2020 அக்டோபர் 1-இல் தொடங்கியது. 1980-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் 30 வயதில் தாமாகவே சேர்க்கப்படுகிறார்கள். 1979-க்குள் பிறந்தவர்கள் விரும்பினால் சேரலாம், ஆனால் ஏற்கெனவே கடும் உடற்குறை உள்ளவர் சேர முடியாது. வழங்குதொகை 2020-இல் மாதம் 600 வெள்ளியாக இருந்தது, 2025-இல் 662, 2026-இல் 689. கோரிக்கை ஏற்கப்பட்ட ஆண்டின் தொகை அப்படியே நிற்கும். உடற்குறை இருக்கும் வரை, ஆயுள் முழுக்கக் கிடைக்கும், சந்தாவும் கட்ட வேண்டியதில்லை. எல்டர்ஷீல்டில் மட்டும் இருப்பவருக்கு, சேர்ந்த காலத்தைப் பொறுத்து, மாதம் 300 வெள்ளி 5 ஆண்டுகளுக்கு அல்லது 400 வெள்ளி 6 ஆண்டுகளுக்கு. இரண்டுக்கும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு மூலம் விண்ணப்பிக்க வேண்டும். இணையவழிச் சேவையின் பெயர் இஃபாஸ். தொலைபேசி 1800 650 6060.

விண்ணப்பப் படிவத்தில் சிக்கல் எதுவும் இல்லை. எல்லாம் மதிப்பீட்டாளரைப் பார்க்கும் அந்த அரை மணி நேரத்தில் முடிவாகிறது. சுகாதார அமைச்சு அங்கீகரித்த மதிப்பீட்டாளர் பார்த்து, அறிக்கையை நேரே அனுப்பிவிடுகிறார். முடிவு பிடிக்கவில்லை என்றால் இன்னொரு மதிப்பீட்டாளரிடம் மறுமதிப்பீடு செய்யலாம், அல்லது புதிய ஆதாரங்களோடு முடிவை மறுபரிசீலனை செய்யும்படி எழுதலாம். எது உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் என்று பராமரிப்பு அமைப்பிடம் கேட்டுக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள். கட்டணம் மருந்தகத்தில் (கிளினிக்கில்) 100 வெள்ளி, வீட்டுக்கு வந்து பார்த்தால் 250 வெள்ளி. கடும் உடற்குறை என்று முடிவானால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும்.

250 வெள்ளி அதிகம் என்று தோன்றலாம். மறுமதிப்பீட்டுக்கு வீட்டு வருகையைத்தான் நான் பரிந்துரைப்பேன். மருந்தகத்தில் தரை சமமாக இருக்கும், கைப்பிடி இருக்கும், நாற்காலி சரியான உயரத்தில் இருக்கும். வீட்டில் அப்படி இல்லை. பழைய மூவறை வீடுகளில் குளியலறை வாசலில் ஒரு திட்டு இருக்கும், கதவு குறுகலாக இருக்கும், உள்ளே இரண்டு பேர் நின்றாலே இடமிருக்காது. அந்தத் திட்டைத் தாண்ட மகள் முன்னால் நின்று இரு கைகளையும் பிடிக்க, பணிப்பெண் பின்னால் இடுப்புப் பட்டையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றால், அதை மருந்தகத்து அறையில் வாயால் விளக்குவதைவிட நேரில் காட்டுவது மேல். ஆனால் ஒன்று: உபகரணம் வைத்துத் தானே செய்ய முடிந்தால் அது முடிந்ததாகத்தான் கணக்கு. கைப்பிடி பொருத்தினால் தனியாகக் குளிப்பார் என்றால், உங்களுக்கு முதலில் தேவை வீவகவின் ஈஸ் திட்டத்தில் கைப்பிடி. கைப்பிடி இருந்தும் ஏன் முடியவில்லை என்பதை (தோள் மூட்டு உயராது, விரல்கள் பிடிமானம் இழந்துவிட்டன, தலை சுற்றுகிறது) காட்ட வேண்டும்.

ஒவ்வொரு நடவடிக்கைக்கும் வரையறை உண்டு. சாப்பிடுவது என்றால் சமைத்து எடுத்து வைத்த உணவை வாய்க்குக் கொண்டுபோவது மட்டும்தான், சமைப்பது சேராது. நடமாடுவது என்றால் வீட்டுக்குள் சமதரையில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு. மின்தூக்கி வரை போக முடியாது, சந்தைக்குப் போக முடியாது என்பதெல்லாம் கணக்கில் வராது. உடுத்துவது என்பதில் கழற்றுவதும் சேரும், செயற்கைக் கால் அல்லது பட்டை இருந்தால் அதை மாட்டுவதும் சேரும். முடக்குவாதம் உள்ளவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்: காலையில் சட்டையை மாட்டிக்கொள்ள முடிகிறது, ஆனால் பொத்தான் போட விரல் வளையவில்லை, மாலையில் கழற்றத் தோள் திரும்பவில்லை. கழிவறைக்குப் போவதில், டயப்பரையோ சிறுநீர்ப் பையையோ தானே மாற்றிக்கொண்டால் அது தானே செய்ததாகும். வேறொருவர் மாற்றுகிறார் என்றால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் ஒரு நடவடிக்கை கைவிட்டுப் போகும்.

நம் வீடுகளில் வயதானவர்கள் யாராவது கேட்டால் ‘பரவாயில்லை, சமாளிச்சுக்குறேன்’ என்றுதான் சொல்வார்கள். வெளியாள் வருகிறார் என்று காலையிலேயே குளிப்பாட்டி, நல்ல புடவை உடுத்தி, பூ வைத்து நாற்காலியில் உட்கார வைப்பார்கள். மதிப்பீட்டாளர் கதவைத் திறந்ததும் பார்ப்பது அந்தக் காட்சியைத்தான். அந்தப் புடவையைக் கட்ட முக்கால் மணி நேரமும் இரண்டு பேரும் தேவைப்பட்டது என்று யாரும் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? வழக்கமான நாளில் எப்படி இருப்பாரோ அப்படியே இருக்கட்டும். ‘முடியுமா?’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று நிறுத்தாமல், யார் எங்கே பிடிக்கிறார்கள், எவ்வளவு நேரம் ஆகிறது, பிடிக்காத நாளில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். அன்றாடம் உடனிருந்து தூக்குகிறவரே பக்கத்தில் இருக்க வேண்டும். வார இறுதியில் மட்டும் வரும் மூத்த மகனுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியலாம், ஆனால் கேள்விக்குரிய பதில் பணிப்பெண்ணிடம்தான் இருக்கும். தமிழ் பேசும் மதிப்பீட்டாளர் இருக்கிறாரா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

ஏறி இறங்கும் நோய்க்கு நாட்குறிப்பு

இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை இதுதான்: மதிப்பீடு ஒரே ஒரு நாளைப் பார்க்கிறது. பார்க்கின்சன் உள்ளவர் மருந்து சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் நடப்பார், அடுத்த வேளை மருந்துக்கு முன் சிலைபோல் உறைந்து நிற்பார். எந்த நேரத்தில் மதிப்பீட்டாளர் வருகிறார் என்பதைப் பொறுத்து முடிவு மாறிவிடலாம். இதற்கு நோயாளி கையில் இருக்கும் ஒரே மருந்து நாட்குறிப்பு. இரண்டு வாரம் போதும். தேதி, நேரம், நடவடிக்கை, யார் என்ன உதவி செய்தார், எவ்வளவு நேரம் ஆனது, மருந்து எப்போது என்று ஆறு பத்திகள்.

‘அம்மாவுக்கு உதவி தேவைப்பட்டது’ என்று எழுதினால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: ‘காலை 6.40. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு. மருமகள் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினார். முதல் முறை எழ முடியாமல் திரும்ப உட்கார்ந்தார். 4 நிமிடம். மருந்து 7.00-க்கு.’ நல்ல நாளையும் ஒளிக்காமல் எழுதுங்கள். 14 நாளில் 3 நாள் தானாக நடந்தார் என்றால் அதுவும் இருக்கட்டும். எல்லா நாளும் மோசம் என்று எழுதிய குறிப்பை யாரும் நம்ப மாட்டார்கள், பொய்த் தகவல் தருவது சட்டப்படி குற்றமும்கூட. ஃபிசியோவும் ஆக்குப்பேஷனல் தெரபிஸ்டும் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்) எழுதிய குறிப்புகள் இந்த நாட்குறிப்போடு ஒத்துப்போனால் அதைவிட வலுவான ஆதாரம் கிடையாது. மருத்துவர் நோயைப் பற்றி எழுதுவார். கை கால் என்ன செய்கிறது என்பதை எழுதுகிறவர் தெரபிஸ்ட். மேல்முறையீட்டில் பலர் மூன்றாவது நிபுணர் மருத்துவரைத் தேடி ஓடுகிறார்கள், தெரபிஸ்டின் ஒரு பக்கக் குறிப்பைக் கேட்பதில்லை. என் மதிப்பில் கேர்ஷீல்டுக்கு அந்த ஒரு பக்கம்தான் அதிக எடையுள்ளது.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். டயாலிசிஸ் நாளில் மட்டும் கைத்தாங்கல் தேவைப்பட்டு மற்ற நாள்களில் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்பவர் ‘எப்போதும்’ என்ற சொல்லைத் தாண்ட முடியாது. அவருடைய துன்பம் குறைந்தது என்று அதற்குப் பொருளில்லை, இந்தத் திட்டம் அதற்காக வகுக்கப்படவில்லை, அவ்வளவுதான். அவர் மேல்முறையீட்டில் சக்தியைச் செலவிடாமல் வேறு உதவிகளைப் பார்ப்பது நல்லது.

கடிதம் எழுதும் விதம்

நிராகரிப்புக் கடிதம் வந்ததும் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: தேதி, குறிப்பு எண், மறுப்புக்கான காரணம். காலக்கெடு போட்டிருந்தால் அதை நாள்காட்டியில் எழுதுங்கள். காரணம் தெளிவாக இல்லை என்றால் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சேமநிதி என்றால் ‘எந்தத் தகுதி நிறைவேறவில்லை?’, கேர்ஷீல்டு என்றால் ‘ஆறில் எவை எவை முடியும் என்று பதிவாகியிருக்கிறது?’ பதில் சொன்ன அதிகாரியின் பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். இந்தப் பதில் இல்லாமல் எழுதும் மேல்முறையீடு இருட்டில் கல் எறிவதுதான்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. முதல் பத்தியில் பெயர், அடையாள அட்டை எண், குறிப்பு எண், எந்தத் தேதியிட்ட முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்கிறீர்கள் என்பது. அடுத்து, அவர்கள் சொன்ன காரணம் ஒரு வாக்கியத்தில். அதன் கீழே அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில், ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் ‘இணைப்பு 1’, ‘இணைப்பு 2’ என்று ஆதாரம். ‘குளிப்பது முடியும் எனப் பதிவாகியுள்ளது. தெரபிஸ்டின் குறிப்பு (இணைப்பு 1), நாட்குறிப்பு (இணைப்பு 2) ஆகியவற்றின்படி 14 நாளில் 14 நாளும் இருவர் உதவியுடன் குளித்தார்.’ இவ்வளவு போதும். குடும்பக் கஷ்டம், பிள்ளைகளின் படிப்பு, எத்தனை ஆண்டு சந்தா கட்டினோம் என்பதெல்லாம் உண்மையாக இருந்தாலும் இந்தக் கடிதத்தில் வேண்டாம். அவற்றுக்கு இடம் அரசாங்க நிதியுதவியைக் கவனிக்கும் சமூக சேவை அலுவலகம்.

பழைய மருத்துவமனைச் சுருக்கங்களும் பரிசோதனை முடிவுகளும் ஹெல்த்ஹப் செயலியில் பார்க்கக் கிடைக்கும். முழு மருத்துவ அறிக்கை வேண்டுமானால் மருத்துவமனையின் மருத்துவப் பதிவுப் பிரிவில் தனியாகப் பணம் கட்டிக் கேட்க வேண்டும், அது கைக்கு வர வாரக் கணக்கில் ஆகலாம். அதனால் அதை முதல் நாளே கேட்டுவிடுங்கள், கடிதத்தைப் பிறகு எழுதலாம். நோயாளியே எல்லாவற்றையும் செய்ய நினைத்தால் பாதியில் களைத்துவிடுவார். குடும்பத்தில் ஒருவரைப் பொறுப்பாக்கி, ஒரே கோப்பில் எல்லாவற்றையும் தேதி வாரியாக வைத்து, ஒரு நாளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு என்று வைத்துக்கொண்டால் உடம்பு தாங்கும். நோயாளிக்கு மனத்திறன் குறைந்துவருகிறது என்றால், கையெழுத்திடும் தெளிவு இருக்கும்போதே எல்பிஏ எனப்படும் அதிகாரப் பத்திரத்தைச் செய்துவிடுங்கள். தெளிவு போன பிறகு நீதிமன்றத்தில் பிரதிநிதியாக நியமனம் வாங்கியாக வேண்டும், அதற்கு நேரமும் செலவும் பிடிக்கும்.

உதவிக்கு யார்?

மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியர்தான் இந்த ஏற்பாட்டிலேயே ஆகச் சிறந்த பகுதி. எந்தத் திட்டத்தில் எந்தக் கட்டத்தை நிரப்புவது, எந்தத் தெரபிஸ்டிடம் குறிப்பு கேட்பது என்று அவருக்குத் தெரியும். அடுத்த மருத்துவச் சந்திப்பின்போது ‘சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும்’ என்று தாதியிடம் சொன்னாலே போதும், அவர் அனுப்பிவைப்பார். நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் கடிதம் எழுதித் தருவார்கள். கோப்பை மீண்டும் திறந்து பார்க்க அது உதவும், ஆனால் மருத்துவத் தகுதியை அது மாற்றாது. தொண்டூழியர்கள் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதித் தருவார்கள், அதற்காகவே போகலாம். இந்தியச் சமூகத்துக்கான உதவி அமைப்பான சிண்டாவையும் குடும்ப உதவிக்காக அணுகலாம்.

காத்திருக்கும் காலத்தில் கைக்கு என்ன வரும் என்பதுதான் வீட்டின் உண்மையான கவலை. திட்டங்களுக்கிடையே தகுதி ஒரே அளவில் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆறில் ஒரு நடவடிக்கைக்கு உதவி தேவைப்பட்டாலே இல்லப் பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வையைச் சலுகை விலையில், மாதம் 60 வெள்ளியாகக் கட்டலாம். வழக்கமான தீர்வை 300 வெள்ளி. மூன்றுக்கு ஓரளவு உதவி எப்போதும் தேவை என்றால் இல்லப் பராமரிப்பு மானியம் உண்டு. குடும்ப வருமானத்தைப் பொறுத்து இது மாதம் 400 வெள்ளி வரை இருந்தது, 2026 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 600 வெள்ளி. கேர்ஷீல்டு கேட்பது மூன்றுக்கும் முழு உதவி. ஆகக் கேர்ஷீல்டு மறுத்த அதே நோயாளிக்கு முதல் இரண்டும் கிடைக்கலாம். ‘அங்கே இல்லை என்றுவிட்டார்கள், இங்கேயும் இல்லை என்பார்கள்’ என்று விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடும் குடும்பங்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது.

கடும் உடற்குறை உறுதியானவர்களுக்கு மெடிசேவ் கேர் மூலம் தம்முடைய அல்லது துணைவரின் மெடிசேவிலிருந்து (சேமநிதியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) மாதம் 200 வெள்ளி வரை ரொக்கமாக எடுக்கலாம். கணக்கில் குறைந்தது 5,000 வெள்ளி இருக்க வேண்டும், முழு 200 கிடைக்க 20,000. காப்புறுதியே இல்லாத குறைந்த வருமானக் குடும்பத்துக்கு எல்டர்ஃபண்ட் மாதம் 250 வெள்ளி வரை தருகிறது. வேலை செய்யவே முடியாமல், ஆதரவும் இல்லாதவருக்குச் சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் நீண்டகால உதவி இருக்கிறது. தனியாக வாழ்பவருக்கு 2024 ஆகஸ்டிலிருந்து மாதம் 760 வெள்ளி.

தனியார் கூடுதல் காப்புறுதி வாங்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். மெடிசேவிலிருந்து ஆண்டுக்கு 600 வெள்ளி வரை கட்டப்படுவதால், வாங்கியதே மறந்துபோன குடும்பங்கள் உண்டு. அந்தத் திட்டங்கள் சிலவற்றில் ஒரே ஒரு நடவடிக்கை முடியாமல் போனாலே பணம் கிடைக்கும், வேறு சிலவற்றில் இரண்டு. சேமநிதிக் கணக்கில் மெடிசேவ் பரிவர்த்தனைகளை ஆண்டு வாரியாகப் பார்த்தால் கழிவு தெரிந்துவிடும். அந்த நிறுவனமும் மறுத்தால், அதன் இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் ஃபிட்ரெக் எனப்படும் நிதித்துறைப் பிணக்குத் தீர்வு நிலையத்தில் புகார் தரலாம். அங்கேயும் அதே கோப்புதான், அதே நாட்குறிப்புதான், காப்புறுதிப் பத்திரத்தில் எழுதியிருக்கும் வரையறைக்கு ஏற்ப முதல் பக்கத்தை மட்டும் மாற்றி எழுதுங்கள்.